நிலநடுக்க ஒளிப்படங்களைக் கழிவில் சேர்க்காதீர்கள்: எங்கள் கல்லூரி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

கட்டுமானப் பொறியியல் துறையின் பழைய கட்டடத்தைக் காலி செய்வது தொடர்பாகத் தாங்கள் அண்மையில் அனுப்பிய சுற்றறிக்கையின் இணைப்பில், "பயன்பாடற்ற பொருள்கள்" என்ற தலைப்பின்கீழ், உடைந்த நாற்காலிகளுக்கும் ஓடாத ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் நடுவே, "பழைய நிலநடுக்கப் படங்கள், ஸ்லைடுகள், நெகட்டிவ்கள், குறிப்பேடுகள் – இரண்டு இரும்பு அலமாரி" என்று ஒரு வரி இருக்கிறது. அவற்றிலிருந்து "காட்சிக்கு உகந்த" 200 படங்களை மட்டும் ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்து ஸ்கேன் செய்து, புதிய கட்டடத்தின் வரவேற்புக் கூடத்தில் திரையில் ஓடவிடுவதென்றும், எஞ்சியவற்றை அகற்றிவிடுவதென்றும் முடிவு செய்திருக்கிறீர்கள். இந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. நேரில் பேசியபோதும் கடிதம் எழுதியபோதும் "குழுவின் முடிவு" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காத காரணத்தால், அதே துறையில் கட்டமைப்புப் பொறியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அந்த அலமாரிகளில் இருப்பது என்ன என்பதை முடிவெடுப்பதற்கு முன் குழுவில் எவரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராட்டிரத்தின் கில்லாரியில் நேர்ந்த நிலநடுக்கம் தொடங்கி, 1997 ஜபல்பூர், 1999 சமோலி, 2001 குஜராத்தின் கச்சு, 2011 சிக்கிம், 2015 நேபாளம் வரை, எங்கள் துறையின் ஆசிரியர்களும் மாணவர்களும் களத்துக்குப் போய்ப் பதிவு செய்த கட்டடங்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு படச்சுருளுக்கும் ஒரு குறிப்பேட்டுப் பக்கம் உண்டு. எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை மாடி, சுவர் எதனால் ஆனது, எந்த ஆண்டில் கட்டியதாக வீட்டுக்காரர் சொன்னார், படம் எடுத்தவர் எந்தத் திசையைப் பார்த்து நின்றார், எடுத்த நாளும் நேரமும் என்ன என்பவை அதில் உள்ளன. ஜி.பி.எஸ். கருவி எங்கள் கையில் இல்லாத காலத்தில், ஊர் வரைபடத்தின் நகலில் பென்சிலால் எண்ணிட்டுக் குறித்திருக்கிறோம். படத்தின் ஓரத்தில் தெரியும் சிறு கரும்பலகையில் உள்ள எண்ணும் குறிப்பேட்டு எண்ணும் ஒன்றே. இந்த இணைப்பு இருக்கும் வரைதான் அவை ஆவணம். இணைப்பு அறுந்துவிட்டால், இடிந்த வீடுகளின் படங்கள் என்பதற்குமேல் அவற்றைப் பற்றி எவராலும் எதுவும் சொல்ல முடியாது.

தங்கள் முடிவின் அடிப்படையே இங்குதான் தவறுகிறது. "காட்சிக்கு உகந்த" படம் என்றால் எது? தேர்வுக்குழு பென்சிலால் குறியிட்டிருக்கும் பட்டியலின் நகலைப் பார்த்தேன். முற்றிலும் சரிந்த அடுக்கு மாடிகளும், சாய்ந்து நிற்கும் கோபுரங்களும், இடிபாட்டின் மேல் நிற்கும் மீட்புப் பணியாளர்களும் அதில் இருக்கிறார்கள். விரிசல் மட்டும் விட்ட வீடு ஒன்றுகூட இல்லை. எந்தச் சேதமும் இல்லாமல் நின்ற வீட்டின் படம் எதையும் எவரும் தொடவில்லை. பொறியியல் நோக்கில் பார்த்தால் அந்த அலமாரியின் மதிப்பில் பெரும்பகுதி இப்படிச் சுவையற்ற படங்களில்தான் இருக்கிறது.

ஒரு ஊரில் நிலம் எவ்வளவு கடுமையாக அதிர்ந்தது என்பதை மதிப்பிட உலகெங்கும் பயன்படும் முறைகளுள் ஒன்று, 1998-ஆம் ஆண்டின் ஐரோப்பிய அளவுகோல். அது கட்டடங்களின் சேதத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. கட்டடங்களையும் அவற்றின் பலவீனத்தின்படி ஆறு வகைகளாகப் பிரிக்கிறது. பிறகு, குறிப்பிட்ட வகைக் கட்டடங்களில் "சில", "பல", "பெரும்பாலானவை" என எந்த விகிதத்தில் எந்த நிலைச் சேதம் ஏற்பட்டது என்று கேட்டு, அந்த விடையிலிருந்து அதிர்வின் கடுமையைக் கணிக்கிறது. விகிதம் என்று வந்துவிட்டால், விழாத வீடுகளையும் எண்ணியாக வேண்டும். ஒரு தெருவில் நாற்பது வீடுகள் இருந்து அவற்றில் ஆறு விழுந்திருந்தால், அந்த ஆறின் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற முப்பத்து நான்கையும் எறிந்துவிட்டால், எதிர்காலத்தில் அதைப் பார்ப்பவர் அந்தத் தெருவே தரைமட்டமானதாக எண்ணுவார். அவருடைய கணக்கு பிழையாகும்; அந்தப் பிழைக்கு நாம் பொறுப்பாவோம். இன்று கணினிக்குப் படங்களைக் காட்டிச் சேதத்தை இனங்காணப் பழக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. அங்கும் இதே கதைதான். நல்ல நிலையில் உள்ள சுவரைக் காட்டாமல் பழக்கப்பட்ட கணினி, பார்க்கும் ஒவ்வொரு சுவரிலும் சேதத்தையே காணும்.

கச்சு நிலநடுக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அலமாரியில் பாதிக்கு மேல் அதன் பதிவுகள் என்பதும், அந்தக் களத்தில் நானே நின்றிருக்கிறேன் என்பதும் காரணம். 2001 சனவரி 26 காலை 8.46 மணிக்கு, 7.7 அளவில் அது நேர்ந்தது. அரசுக் கணக்குப்படியே 13,800-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பூஜ், அஞ்சார், பச்சாவ், ராபர் ஆகிய ஊர்களில் ஒழுங்கற்ற கற்களை மண் சாந்தில் அடுக்கிய பழைய வீடுகள் குவியல் குவியலாகச் சரிந்தன. கல் சுவர் என்றால் வலுவானது என்று நினைக்கிறோம். ஆனால் அந்தச் சுவர்கள் உள்முகம் ஒன்றும் வெளிமுகம் ஒன்றுமாக இரண்டு அடுக்காக எழுப்பப்பட்டு, இடையே சில்லுக் கற்களும் மண்ணும் கொட்டி நிரப்பப்பட்டவை. இரண்டு முகங்களையும் பிணைக்கும்படி சுவரின் முழுத் தடிமனுக்கும் குறுக்கே செல்லும் நீளக் கற்கள் பெரும்பாலும் இல்லை. அதிர்ந்ததும் வெளிமுகம் தெருப்பக்கமும் உள்முகம் வீட்டுக்குள்ளுமாகப் பிரிந்து விழுந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் கில்லாரியில் நாங்கள் பார்த்ததும் இதே பிரிவுதான். அங்கே தடித்த கல் சுவர்களின் மேல் கனத்த மண் கூரையும் சேர்ந்துகொண்டது. அந்த வட்டாரம் அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

சுவர் பாதி பிரிந்து, இன்னும் விழாமல் நிற்கும் கட்டத்தில் எடுத்த படங்கள்தான் இந்தச் செயல்முறையை விளக்குகின்றன. முழுவதும் விழுந்த பிறகு அது வெறும் கற்குவியல். எப்படி விழுந்தது என்பதற்கு அதில் தடயம் இராது. வயிறு தள்ளியது போல் வெளியே பிதுங்கிய சுவரின் படங்களைத்தான் நான் ஆண்டுதோறும் வகுப்பில் காட்டிவந்தேன். தங்கள் தேர்வுப் பட்டியலில் அவற்றுள் ஒன்றுகூட இல்லை.

அஞ்சாரில் குடியரசு நாள் ஊர்வலமாகச் சென்றுகொண்டிருந்த பள்ளிக் குழந்தைகளும் ஆசிரியர்களும் குறுகிய தெரு ஒன்றில் இருபுறமும் சரிந்த வீடுகளுக்கு அடியில் சிக்கி இறந்தார்கள் என்பது நாடறிந்த செய்தி. அப்படிப்பட்ட தெருக்களில் எங்கள் மாணவர்கள் எடுத்த ஒரு தொடர், மூன்றாம் இழுப்பறையில் இருக்கிறது. ஒரு முனையில் ஒருவரும் மறுமுனையில் ஒருவருமாக அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்க, தெருவின் அகலமும் இன்னும் நின்றுகொண்டிருந்த சுவர்களின் உயரமும் படம்தோறும் பதிவாகியிருக்கின்றன. பார்ப்பதற்கு அவற்றில் ஒன்றுமில்லை. இருபுறச் சுவர்களின் உயரத்தைவிடத் தெருவின் அகலம் குறைவாக இருந்தால் நடுவில் நிற்பவருக்குத் தப்பிக்க இடமே இல்லை என்பதை நகர அமைப்புத் துறையினருக்கு ஒரே பார்வையில் புரியவைக்க, நான் அறிந்தவரை அவற்றைவிடச் சிறந்த சான்று கிடையாது.

இதற்கு நேர்மாறாக, கச்சின் சிற்றூர்களில் 'புங்கா' எனப்படும் வட்ட வடிவ மண் வீடுகள் பெரும்பாலும் நன்றாகவே நின்றன. வட்டச் சுவர், கூம்பு வடிவிலான இலேசான கூரை, சிறிய திறப்புகள் ஆகிய மூன்றும் சேர்ந்து அவற்றைக் காத்தன. சேதமில்லாத இந்த வீடுகளை எதற்குப் படம் எடுக்கிறீர்கள், அரசிடம் நிவாரணம் கேட்பவர்கள் அடுத்த தெருவில் இருக்கிறார்கள் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்களை வழிநடத்த முயன்றது நினைவிருக்கிறது. அவருடைய கேள்வி நியாயமானது. அவரிடம் அன்று நாங்கள் சொன்ன பதிலைத்தான் இன்று தங்களிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது: நின்றதையும் பதிந்தால்தான் விழுந்ததற்குப் பொருள் கிடைக்கும்.

அகமதாபாத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நிலநடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அந்த நகரத்தில் பல அடுக்கு மாடிக் குடியிருப்புகள் சரிந்து, 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விழுந்தவற்றில் பல, வண்டிகள் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் திறந்துவிட்டு, மேல் தளங்களைச் செங்கல் சுவர்களால் நிறைத்த கட்டடங்கள். மேலே உள்ள தளங்கள் விறைப்பாக ஒரே பெட்டியாக அசைய, கீழே தனித்து நின்ற தூண்கள் அத்தனை வளைவையும் தாங்க வேண்டியதாயிற்று. உடைந்த தூண்களின் அருகில் போய் எடுத்த நெருக்கப் படங்களில், கொத்தனார்கள் 'ரிங்' என்று சொல்லும் வளையக் கம்பிகள் எவ்வளவு இடைவெளியில் கட்டப்பட்டன என்பதும், அவற்றின் முனைகள் 135 பாகைக்கு உள்நோக்கி மடக்கப்படாமல் வெறும் 90 பாகையில் விடப்பட்டதால் எப்படி வாய் திறந்துகொண்டன என்பதும் தெளிவாகத் தெரிகின்றன. முனையை 135 பாகைக்கு மடக்க வேண்டும் என்பது 1993-ஆம் ஆண்டே வெளியான ஐ.எஸ். 13920 என்ற இந்தியத் தரநிலையில் இருக்கிறது. எழுதிவைத்த விதிக்கும் கட்டிவைத்த தூணுக்கும் இடையிலான தொலைவை அளக்க அந்த நெருக்கப் படங்களைத் தவிர வேறு வழி இல்லை; ஏனெனில் அந்தத் தூண்கள் இன்று எங்கும் இல்லை. சில கட்டடங்களில் நாங்கள் ஒரு பக்கம் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் இயந்திரங்கள் இடிபாடுகளை அள்ளிக்கொண்டிருந்தன. உயிரோடு யாராவது இருக்கக்கூடும் என்ற நிலையில் அது செய்யப்பட வேண்டியதே. பின்னர் கட்டுநர்கள்மீதும் பொறியாளர்கள்மீதும் வழக்குகள் தொடரப்பட்டன என்பதை நினைத்துப் பார்த்தால், களத்தில் எடுத்த ஒளிப்படத்தின் எடை என்ன என்பது விளங்கும்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது ஜபல்பூர். 1997 மே 22 அன்று அங்கு நேர்ந்த நிலநடுக்கத்தில், கீழ்த்தளம் திறந்துவிடப்பட்ட அடுக்கு மாடிகளின் தூண்கள் சேதமடைந்ததை நாங்கள் பதிவு செய்திருந்தோம். பிற நிறுவனங்களின் பொறியாளர்களும் பதிவு செய்து எழுதினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அகமதாபாத்தில் அதே பலவீனம் உயிர்களைக் குடித்தது. அப்படிப்பட்ட தளத்தின் தூண்களையும் உத்திரங்களையும் இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்க வேண்டும் என்ற விதி, நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1893-இன் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. ஜபல்பூர்ப் படத்தையும் அகமதாபாத் படத்தையும் அடுத்தடுத்துத் திரையில் காட்டி, எது எந்த ஊர் என்று மாணவர்களைக் கேட்பேன். பெரும்பாலோரால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ஒரு கேள்வி அவர்களிடம் செய்த வேலையை என் விரிவுரைகள் செய்ததில்லை. தங்கள் 200 படங்களில் ஜபல்பூர் இல்லை. அங்கே எதுவும் கண்ணைக் கவரும்படி விழவில்லை.

இவை எங்கோ வடக்கே நடந்தவை என்று தள்ளிவிடவும் முடியாது. அதே 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் மையங்கொண்ட மிதமான நிலநடுக்கம் தமிழகக் கடற்கரை நெடுகிலும் உணரப்பட்டது. அப்போது சுவர்களில் விழுந்த மெல்லிய விரிசல்களை எங்கள் மாணவர்கள் பதிவு செய்த ஒரு சிறு பெட்டியும் அந்த அலமாரியில் உண்டு. திறந்த கீழ்த்தளத்தை ஸ்டில்ட் பார்க்கிங் என்று விளம்பரப்படுத்தி விற்கப்படும் நம் ஊர் அடுக்கு மாடிகளை நினைத்துக்கொண்டு அகமதாபாத் படங்களைப் பாருங்கள். கூடுதலாக நான் எதுவும் சொல்லத் தேவையிருக்காது.

தங்கள் தரப்பில் எனக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று. இப்படிப்பட்ட படங்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன என்பது ஒன்று. கிடைப்பவை உண்மையில் தங்கள் 200 படங்களைப் போன்றவை. செய்தியாளர்கள் எடுத்தவை, பெரும் இடிபாடுகள், எந்தத் தெரு, எத்தனை மாடி, என்ன கட்டுமானம் என்ற குறிப்பு பெரும்பாலும் இராது. அண்மைக் காலத்தில் கைப்பேசிப் படங்கள் பெருகியிருப்பது உண்மைதான். ஆனால் அவை வாட்ஸ்அப்பில் கைமாறும்போது படத்தோடு பதிந்திருந்த நேரமும் இடமும் உதிர்ந்துபோகின்றன. சில நாட்களில் வேறு நாட்டு நிலநடுக்கத்தின் பெயரில் அதே படம் திரும்பி வருகிறது. நம்மிடம் இருப்பது எண்ணிக்கையில் சிறிய தொகுப்பாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு படமும் எங்கிருந்து வந்தது என்பதற்கு நம்மிடம் பதில் உண்டு.

இரண்டாவது காரணம் வாடை. அலமாரியைத் திறந்தால் வினிகர் நெடி அடிக்கிறது, பணியாளர்கள் குறை கூறுகிறார்கள் என்றார்கள். அசிடேட் படச்சுருள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதையத் தொடங்கும்போது வரும் நெடி அது. ஒரு சுருளில் தொடங்கினால் அதிலிருந்து வெளியேறும் அமிலம் அருகில் உள்ளவற்றின் சிதைவையும் விரைவுபடுத்தும். ஆகவே நெடி வருகிறது என்றால் முதலில் அந்தச் சுருள்களைப் பிரித்துக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்து, உடனே ஸ்கேன் செய்ய வேண்டும். நோயாளிக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும் அவரை வீட்டைவிட்டு அனுப்புவதற்கு ஒப்பானது தங்கள் முடிவு. மாடிக்கு நேர் கீழே, வெயில் இறங்கும் அறையில் குளிர்சாதனம் இன்றி இத்தனை ஆண்டுகள் அவற்றை வைத்திருந்தது கல்லூரிதான் என்பதையும் பணிவோடு நினைவூட்டுகிறேன். சிலிக்கா ஜெல் வாங்க நான் பணியில் இருந்தபோது அனுப்பிய கோரிக்கைகளுக்கு என்ன ஆயிற்று என்பது கோப்புகளில் இருக்கும்.

மூன்றாவது, முக்கியமானவற்றை ஸ்கேன் செய்துவிட்டால் போதும் என்பது. அந்த நிறுவனம் மாதிரிக்காகச் செய்து தந்த கோப்புகளைத் துறையில் காட்டினார்கள். படங்கள் பளிச்சென்று இருந்தன, அதுதான் சிக்கல். வண்ணத்தைக் கூட்டியதில் ஈரம் ஏறிய செங்கல்லுக்கும் புதிதாக உடைந்த செங்கல்லுக்கும் இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. எது பழைய விரிசல், எது அன்று விழுந்த விரிசல் என்பதை அந்த நிற வேறுபாட்டைக் கொண்டுதான் கண்டறிவோம். ஓரங்கள் அழகாக இல்லை என்று வெட்டியதில் எண் பலகையும் அளவுகோலும் போய்விட்டன. கோப்புகளுக்குத் தொடர் எண்களைத் தவிர வேறு பெயர் இல்லை. குறிப்பேடுகளை ஸ்கேன் செய்வது ஒப்பந்தத்திலேயே இல்லை என்றார்கள். இந்த நிலையில் அசலையும் அழித்துவிட்டால், பிழையைத் திருத்தத் திரும்பிப் பார்க்க எதுவும் இருக்காது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் குறுந்தகடுகள் படிக்க முடியாமல் போவதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். இன்றைய கோப்பு வடிவத்தின்மீது அளவுகடந்த நம்பிக்கை வைப்பதற்கு அனுபவம் இடந்தரவில்லை.

வரவேற்புக் கூடத் திரையைப் பற்றியும் ஒரு சொல். தேர்ந்தெடுத்த படங்களில், இடிபாட்டின்மேல் அமர்ந்திருக்கும் பெண்மணி ஒருவரின் முகம் தெளிவாகத் தெரியும் படமும், போர்த்தப்பட்ட உடல்கள் பின்னணியில் தெரியும் படங்களும் இருக்கின்றன. அந்தக் குடும்பங்கள் எங்களைத் தங்கள் வீட்டருகே அனுமதித்தது, இன்னொரு வீடு இப்படி விழாமல் இருக்கப் பயன்படும் என்று நாங்கள் சொன்னதை நம்பித்தான். மாணவர் சேர்க்கைக்கு வரும் பெற்றோர் காப்பி அருந்தியபடி பார்ப்பதற்கு அவர்கள் இசைவு தரவில்லை. அப்படங்களைக் கட்டுப்பாட்டோடு ஆய்வாளர்களுக்கு மட்டும் திறந்து வைப்பதே முறை. மறைத்து வைக்க வேண்டியதைக் காட்சிக்கு வைப்பதும், திறந்து வைக்க வேண்டியதைக் குப்பைக்கு அனுப்புவதும் ஒரே பட்டியலில் நடந்திருக்கின்றன.

இதெல்லாம் யாரும் செய்யாத அரிய முயற்சி என்று நான் சொல்ல வரவில்லை. 1857-இல் நேப்பிள்சுக்குத் தெற்கே நேர்ந்த நிலநடுக்கத்தை ஆராய்ந்த ராபர்ட் மாலட், கட்டடங்களின் விரிசல் திசைகளைக் கொண்டு அதிர்வு வந்த வழியைக் கணிக்க முயன்றபோதே ஒளிப்படங்களைச் சேர்த்துக்கொண்டார். 1897 ஜூன் 12 அசாம் நிலநடுக்கத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக ஆராய்ந்த ஆர்.டி. ஓல்டாம், உடைந்த நினைவுத் தூண்களையும் கவிழ்ந்த கற்களையும் படமாகவும் அளவாகவும் பதிந்தார். இன்றைய வங்காளதேசத்தில் உள்ள சாத்தக்கில், ஜார்ஜ் இங்கிலிஸ் என்பவருக்காக எழுப்பப்பட்டு, தலை முறிந்து நின்ற நினைவுத் தூணின் படம் நூறாண்டுகளுக்குப் பிறகும் எடுத்துக்காட்டப்படுகிறது. கலிபோர்னியாவில் கட்டமைப்புப் பொறியாளர் கார்ல் ஸ்டைன்புருக் தம் வாழ்நாளில் சேர்த்த ஆயிரக்கணக்கான சேதப் படங்கள் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரே தொகுப்பாகக் காக்கப்பட்டு, உலகெங்கும் உள்ள மாணவர்களுக்குத் திறந்திருக்கின்றன. என் வகுப்புகளிலும் அவற்றைப் பயன்படுத்தியிருக்கிறேன். வேறொரு நாட்டின் மண்ணையும் செங்கல்லையும் காட்டி நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த முடிகிறது. நம் நாட்டின் கல் சுவரும் மண் சாந்தும் நம் அலமாரியில் இருந்தும் அவற்றைக் கழிவுப் பட்டியலில் சேர்க்கிறோம்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பவை இவை.

அலமாரிகளை அகற்றும் ஆணையை உடனே எழுத்து வடிவில் நிறுத்திவையுங்கள். இடமாற்றத்தின்போது ஒரு குறிப்பேடுகூட அதற்குரிய படப் பெட்டியிலிருந்து பிரிக்கப்படக் கூடாது. இப்போதுள்ள வரிசையிலேயே, எண்ணிட்டு, துறையைச் சேர்ந்த ஒருவரின் கையொப்பத்தோடு அவை நகர வேண்டும். புதிய கட்டடத்தில் அவற்றுக்கு வெயில் படாத, குளிரூட்டப்பட்ட ஒரு சிறு அறை போதும். நெடி வரும் சுருள்களை முதலில் பிரித்தெடுத்து, அவற்றை வரிசையில் முன்னே வைத்து ஸ்கேன் செய்யுங்கள்.

200 என்ற வரம்பை நீக்கி, தொகுப்பு முழுவதையும் எண்ணிம வடிவாக்கம் செய்யுங்கள். படத்தின் விளிம்புகள் வெட்டப்படாமலும் வண்ணம் கூட்டப்படாமலும், சுருக்கம் இல்லாத கோப்பாக ஒன்றும் பார்வைக்கான சிறிய கோப்பாக ஒன்றும் இருக்க வேண்டும். குறிப்பேட்டுப் பக்கங்களும் பென்சில் குறியிட்ட வரைபடங்களும் அதே ஒப்பந்தத்தில் சேர வேண்டும். ஊர், தெரு, கட்டுமான வகை, மாடிகளின் எண்ணிக்கை, சேத நிலை, பார்வைத் திசை, எடுத்த நாள், எடுத்தவர் பெயர் ஆகியவை ஒவ்வொரு கோப்போடும் இணைய வேண்டும். இந்தத் தட்டச்சு வேலைக்கு இறுதியாண்டு மாணவர்களைத் திட்டப்பணியாக ஈடுபடுத்தலாம். களத்துக்கு வந்தவர்களில் பலர் இன்றும் இருக்கிறோம். எங்கள் கையெழுத்தைப் படித்துச் சொல்ல ஊதியம் இன்றி வருவோம். அந்த நினைவுகள் இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது.

தொகுப்பின் முழு நகல் ஒன்றை வேறு ஊரில் உள்ள ஒரு பொது நிறுவனத்தில் வையுங்கள். நிலநடுக்கப் பொறியியல் தகவல்களைத் திரட்டிப் பரப்புவதற்கென்றே கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஒரு தேசிய மையம் இயங்குகிறது, அவர்களோடு பேசலாம். கட்டடங்களின் படங்களைக் கட்டணமின்றி எவரும் பார்க்கத் திறந்துவிட்டு, முகங்களும் உடல்களும் தெரியும் படங்களை மட்டும் தனிப் பிரிவில் வைத்து, ஆய்வு நோக்கை எழுதித் தருபவருக்கு மட்டும் காட்டுங்கள். வரவேற்புக் கூடத் திரைக்கான பட்டியலிலிருந்து அவற்றை இன்றே நீக்கிவிடுங்கள்.

இந்தப் பொறுப்பு ஒரு பெயருக்கு உரியதாக இருக்க வேண்டும். "துறை பார்த்துக்கொள்ளும்" என்ற ஏற்பாட்டின் விளைவைத்தான் இப்போது பார்க்கிறோம். நூலகத்தில் ஒருவரையும் துறையில் ஒருவரையும் எழுத்து மூலம் நியமித்து, ஆண்டுக்கு ஒரு முறை தொகுப்பின் நிலையை அவர்கள் குழுவுக்கு அறிக்கையாகத் தரச் செய்யுங்கள். அடுத்த நிலநடுக்கத்தின்போது மாணவர்கள் எதை, எப்படி, எந்த வரிசையில் படமெடுக்க வேண்டும் என்ற கையேடு ஒன்றையும் அவர்களே உருவாக்கட்டும். சேதமில்லாத கட்டடங்களையும் தெரு முழுவதையும் பதிய வேண்டும் என்பது அதன் முதல் விதியாக இருக்கட்டும்.

பழைய கட்டடத்தைக் காலி செய்யச் சுற்றறிக்கை குறித்த நாளுக்கு முன் இதற்கு எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். முடிவை மாற்ற இயலாது என்றால், அலமாரிகளைக் கழிவு வாங்குபவரிடம் ஒப்படைக்காமல், களத்துக்குச் சென்ற முன்னாள் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒப்படையுங்கள். எடுத்துச் செல்லும் செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியியல் ஆசிரியர் (ஓய்வு)